வெளிப் பம்ப் போட்டால் வொரண்டி போய்விடுமா? பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். புறக்கோட்டையில் சரக்கு எடுத்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன் பக்கத்துக் கடைகளுக்கு இறக்குகிற சிறு வியாபாரி நான். பிளாஸ்டிக் வாளி, கயிறு, தார்ப்பாய், ஆணி, எது கேட்டாலும் ஏற்றுவேன். தொழிலுக்கு இருப்பது ஒரு டீசல் சிங்கிள் கெப். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறந்தபோது லீசிங்கில் எடுத்த புது வண்டி. சாவியோடு ஒரு வொரண்டிப் புத்தகமும் தந்தார்கள். வண்டிக்கு வெளிப் பம்ப், அதாவது வாகனக் கம்பனியின் அசல் அல்லாத பம்ப், போட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைக் காட்டி உரிமை கேட்கப் போகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் மெக்கானிக் இல்லை. அதனால் முதலில் பம்ப் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டி போன்ற கெப்களில் டீசலுக்கு இரண்டு பம்ப். ஒன்று டாங்கிக்குள் இருக்கும் சின்ன மின்பம்ப். டீசலை பில்ட்டர் வழியாக முன்னுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை, அழுத்தம் சில பார் மட்டும்தான். மற்றது இஞ்சினில் பூட்டியிருக்கும் ஹை பிரஷர் பம்ப். 1,600 பார், 2,000 பார் என்று அழுத்தி, கொமன் ரெயிலுக்கு, அதாவது இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குழாய்க்குத் தள்ளுவது அதுதான். இவ்வளவு வேலை செய்யும் அந்தப் பம்புக்கு வேறு ஒயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசலே அதற்கு மசகு. டீசல் வரத்துக் குறைந்தால், காற்றோ தண்ணீரோ கலந்தால், உள்ளே இரும்பும் இரும்பும் உரசித் துகள் கிளம்பும். துகள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். ரிட்டர்ன் குழாய் வழியாக டாங்கிக்கும் திரும்பும். அப்புறம் பம்பை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை. பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள், குழாய்கள் எல்லாம் மாற்றி டாங்கியையும் கழற்றிக் கழுவ வேண்டும். ஆகவே இந்த ஒரு பழுதில் யார் காசு கட்டுவது என்பது சின்னக் கேள்வி இல்லை.

எனக்கு நடந்தது இது. டாங்கிக்குள் இருந்த சின்னப் பம்ப் முதலில் போனது. வண்டியை விற்ற முகவர் நிறுவனத்துக்குக் கொண்டு போனேன். பம்ப் கையிருப்பில் இல்லை, ஓடர் போட வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். லீசிங் தவணை பம்ப் வரும்வரை காத்திருக்காது, கடைக்காரர்களும் காத்திருக்க மாட்டார்கள். பஞ்சிகாவத்தையில் தெரிந்த கடையில் ஒரு பம்ப் வாங்கி, கிராண்ட்பாஸ் கராஜ் ஒன்றில் போட்டேன். வண்டி பழையபடி ஓடியது. சில மாதம் கழித்துக் கித்துல்கலயில் இருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது இழுவை விட்டுப்போய், இரண்டு தரம் இருமி, நின்றது. இந்தத் தடவை போனது ஹை பிரஷர் பம்ப்.

முகவர் நிறுவனத்தில் ஜொப் கார்டில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதித் தந்தார்கள்: அசல் அல்லாத எரிபொருள் பம்ப் பொருத்தப்பட்டுள்ளது, உத்தரவாதம் செல்லாது. பம்பைக் கழற்றிப் பார்க்கவில்லை. சின்னப் பம்ப் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கவில்லை. டாங்கி மூடியைத் திறந்து, பம்பில் வேறு கம்பனி ஸ்டிக்கர் இருப்பதைப் போனில் படம் பிடித்தார்கள். அவ்வளவுதான் பரிசோதனை. அதற்கும் கட்டணம் எடுத்தார்கள். அவர்கள் பக்கம் கையெழுத்து வைத்த தம்பி நல்ல பிள்ளை. “சேர், வெளிப் பார்ட் இருந்தா சிஸ்டத்தில எங்களுக்கு ரிஜெக்ட் எண்டுதான் வரும்” என்றார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்த ‘சிஸ்டம்’ மேல்தான்.

பிறகு வண்டியை ஒரு டீசல் பம்ப் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பாஸ் பில்ட்டரைக் கழற்றி, உள்ளே கிடந்த டீசலை ஒரு வெள்ளைப் பேசினில் ஊற்றினார். வெயிலில் வெள்ளித்தூள் தூவியது போல் மினுங்கியது. ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பேசினுக்கு அடியில் வைத்து மெல்ல நகர்த்தினார். தூள் முழுக்க காந்தத்தின் பின்னாலேயே போனது. “இது உருக்கு. அந்தச் சின்னப் பம்புக்குள்ள இருக்கிற விசிறி பிளாஸ்டிக், புருஷ் கரி. அதுக்குள்ள இவ்வளவு உருக்குக்கு எங்க போறது?” என்று கேட்டார். பிறகு சின்னப் பம்பைத் தனியாக ஓட விட்டு, குழாயில் கேஜ் ஒன்றைப் பூட்டி அழுத்தத்தைப் பார்த்தார். வண்டியின் வேர்க்‌ஷொப் புத்தகத்தில் கொடுத்திருக்கும் எல்லைக்குள்தான் முள் நின்றது. ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்த வேலை. இதைச் செய்யாமல்தான் அவ்வளவு பெரிய நிறுவனம் கையை விரித்தது.

அதற்காக ஹை பிரஷர் பம்பில் தயாரிப்புக் குறை இருந்தது என்று அந்த பாஸ் சொல்லவில்லை. தண்ணீர் போயிருக்கலாம், காற்று இழுத்திருக்கலாம், பம்பே பலவீனமாக வந்திருக்கலாம், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். நேர்மையான பதில். ஏஜென்டிடம் நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். காரணம் இன்னது என்று காட்டட்டும், என் பக்கம் பிழை என்றால் நானே கட்டுகிறேன். வெளிப் பம்ப் இருக்கிறது என்பது வேறு, வெளிப் பம்பால் பழுதானது என்பது வேறு. முதலாவதைப் படம் பிடித்துவிட்டு இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக எழுதுகிறார்கள். வண்டிக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பம்பை எடுத்துவிட்டு பிரேக் என்றோ கிளச் என்றோ போட்டுக்கொண்டால் இதே கதையை ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

வெளிச் சாமான் எல்லாம் தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. பஞ்சிகாவத்தையில் ஒரே ரகப் பெட்டிக்குள் மூன்று தரம் விற்பதை அங்கே போய் வருகிற எல்லோரும் அறிவார்கள். ஒன்று அசல். ஒன்று பெயர் தெரிந்த வேறு கம்பனி தன் சொந்தப் பெயரிலேயே செய்தது. இது நல்ல சாமானாகவே இருக்கலாம், வாகனக் கம்பனிக்குப் பம்ப் செய்து கொடுக்கிற அதே தொழிற்சாலையின் வெளிவிற்பனையாகவும் இருக்கலாம். மூன்றாவது, அசலின் பெயரையும் இலக்கத்தையும் அச்சடித்த போலி. இந்த மூன்றாவது வகை டீசலைச் சரியாக அனுப்பாமல் ஹை பிரஷர் பம்பையே காயவைத்துக் கொன்றுவிடும், அது உண்மை. ஆனால் வாங்குகிறவன் எதை வாங்கினான் என்பதற்கு அவன் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? என் பற்றுச்சீட்டில் இருப்பது ‘டீசல் பம்ப் 1’, விலை, அதன் மேல் ஊதா மையில் ஒரு றப்பர் முத்திரை: மின்சாதனங்களுக்கு உத்தரவாதம் இல்லை. கம்பனிப் பெயர் இல்லை, பார்ட் நம்பர் இல்லை, எந்த நாட்டுச் சாமான் என்றும் இல்லை. ஏஜென்டிடம் இந்தச் சீட்டை நீட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்?

ஆகவே என் கோரிக்கையில் ஒரு பாதி பஞ்சிகாவத்தைக்கும் போகிறது. உங்கள் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, உற்பத்தியாளருக்கும் வர்த்தகருக்கும் பொதுவான பணிப்புரைகளை விடுக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. எரிபொருள் பம்ப், பிரேக், ஸ்டியரிங் சாமான்களை விற்கும்போது கம்பனிப் பெயர், பார்ட் நம்பர், உற்பத்தி நாடு, அசலா வெளித் தயாரிப்பா என்ற விபரம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதியே ஆக வேண்டும் என்று ஒரு பணிப்புரை போதும். நல்ல சாமான் விற்கும் கடைக்காரருக்கு இதனால் நட்டம் கிடையாது. அவருக்கும் போலிக்காரருக்கும் வித்தியாசம் தெரிய வருவது அவருக்கு நல்லதுதான்.

இனி டீசல். வெளிப் பம்ப் என்ற காரணம் எடுபடாவிட்டால் அடுத்ததாக வரும் பதில், ‘டீசல் சரியில்லை’. இதை முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது. டீசலில் இருந்து கந்தகத்தை எடுக்கும்போது அதன் இயற்கையான வழுவழுப்பும் குறைந்துவிடும். அதற்குப் பிறகு சேர்மானம் சேர்த்துத்தான் மீட்க வேண்டும். வழுவழுப்பை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. டீசலில் அமிழ்ந்த உருக்குக் குண்டு ஒன்றை உருக்குத் தகட்டில் உரசவிட்டு, குண்டில் விழும் தழும்பை அளப்பார்கள். ஐரோப்பியத் தரத்தில் தழும்பு 460 மைக்ரோனைத் தாண்டக்கூடாது. அமெரிக்கத் தரம் 520 வரை விடுகிறது. இந்த இடைவெளிதான் பின்னால் அமெரிக்காவில் பெரிய சண்டைக்கு ஒரு காரணமானது. நம்மூரில் ஓட்டோ டீசல் அடித்தாயா சூப்பர் டீசல் அடித்தாயா என்று கேட்கிறார்கள். மலைநாட்டுப் பாதையில் எல்லா நிலையத்திலும் சூப்பர் டீசல் கிடைக்காது. விற்கும்போது “எந்த டீசலும் ஓடும்” என்று சேல்ஸ்காரர் சொல்கிறார். வொரண்டி கேட்கப் போனால்தான் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைக் காட்டுகிறார்கள். டீசல்தான் காரணம் என்றால் அவர்கள் செய்ய வேண்டியது, வண்டிக்காரர் முன்னால் டாங்கியில் இருந்து மாதிரி எடுத்து, சீல் வைத்து, ஒரு போத்தலை அவரிடமும் கொடுத்துவிட்டு, ஆய்வுகூட அறிக்கையோடு பேசுவதுதான். கேட்டால் அப்படி ஒரு நடைமுறையே இல்லை என்கிறார்கள்.

நான் கேட்பது உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை. டீசல் பிக்கப் என்றால் அமெரிக்காதான். அங்கே இந்தச் சண்டை பல வருடமாக நடக்கிறது. ஜெனரல் மோட்டர்ஸின் டியூராமேக்ஸ் டீசல் பிக்கப்களில் 2016 மொடல் வரை, டாங்கியில் இருந்து டீசலைத் தள்ளிவிடும் பம்ப் தொழிற்சாலையில் இருந்து வரவே இல்லை. ஹை பிரஷர் பம்ப் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். 2011 முதல் 2016 வரையான மொடல்களில் இருந்தது பொஷ் கம்பனியின் சிபி4 வகைப் பம்ப். அது உள்ளே உடைந்து துகளை எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடுகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2024இல் 5 கோடி டொலர் இணக்கத்தோடு அந்த வழக்கு முடிந்தது. கம்பனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ராம் பிக்கப்களில் 2019, 2020 மொடல்களுக்கு அதே சிபி4 பம்ப் போட்டு, 2021 இறுதியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். மாற்றிப் போட்டது எதை? பழைய சிபி3 பம்பை! அங்கே வண்டிக்காரர்கள் தங்கள் காசில் வெளிக் கம்பனியின் லிஃப்ட் பம்ப், அதாவது டாங்கியில் இருந்து டீசலைத் தள்ளிவிடும் பம்ப், போட்டதும், சிபி3க்கு மாறியதும் மோட்டார் பைத்தியத்தால் மட்டும் இல்லை. பெரிய பம்பைக் காப்பாற்றத்தான் பலர் போட்டார்கள். அப்படிக் காப்பாற்றப் போட்ட பம்பையே காட்டி வொரண்டியை மறுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1975இல் வந்த மேக்னசன்-மொஸ் உத்தரவாதச் சட்டம். எங்கள் பெயர் போட்ட சாமானையே போட வேண்டும், எங்கள் இடத்திலேயே சேர்விஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவாதம் இல்லை என்று நிபந்தனை வைக்க அந்தச் சட்டம் விடாது. அப்படி வைக்க வேண்டுமானால் அந்தச் சாமானை இலவசமாகத் தர வேண்டும், அல்லது விசேட அனுமதி பெற வேண்டும். வெளிச் சாமானால்தான் பழுது வந்தது என்று காட்ட முடிந்தால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம். காட்டுவது கம்பனியின் பொறுப்பு. 2022இல் அங்கே உள்ள வர்த்தக ஆணைக்குழு ஹார்லி-டேவிட்சன் உட்பட மூன்று கம்பனிகளைப் பிடித்து, வெளி ஆளிடம் திருத்தினாலும் வெளிச் சாமான் போட்டாலும் உத்தரவாதம் இரத்தாகாது என்று உத்தரவாதப் பத்திரத்திலேயே எழுதச் செய்தது. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அமெரிக்கா தூரம் என்று நினைத்தால் பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். 2014 ஓகஸ்டில் இந்தியப் போட்டி ஆணைக்குழு 14 கார்க் கம்பனிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, வெளி கராஜில் திருத்தினால் வொரண்டி போய்விடும் என்று மொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றும் பணித்தது. கம்பனிகள் மேன்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. இங்கே 1987இல் வந்த நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தை நீக்கிவிட்டு, அந்த வேலையையும் 2003இல் உங்கள் கையில்தான் கொடுத்தார்கள். அதனால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

இனி உங்கள் சட்டத்திலேயே ஒரு சிக்கல். 13ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால் நீங்கள் விசாரிக்கலாம். நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கட்டளையிடலாம். அருமையான பிரிவு. ஆனால் முறைப்பாடு, பொருளை விற்று அல்லது சேவையை வழங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் வர வேண்டும். வண்டியின் வொரண்டி வருடக் கணக்கில் ஓடுகிறது, உங்கள் கதவோ வண்டி வாங்கி மூன்றாம் மாதத்தில் மூடிவிடுகிறது. ஹை பிரஷர் பம்ப் மூன்று மாதத்தில் போவது அபூர்வம். போகிற பம்ப் எல்லாம் அதற்குப் பிறகுதான் போகும்.

சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை, அதற்குச் சிபாரிசு செய்வது உங்களால் முடியும். அதுவரைக்கும் இருக்கிற சொற்களையே கொஞ்சம் தாராளமாக வாசிக்க இடம் இருக்கிறது. முகவர் நிறுவனம் வண்டியைப் பொறுப்பேற்று, சோதித்து, ஜொப் கார்ட் எழுதி, அதற்குக் காசும் எடுத்திருக்கிறது. அது ஒரு சேவை இல்லாமல் வேறென்ன? அந்தத் திகதியில் இருந்து மூன்று மாதத்தை எண்ணினால் என் போன்றவர்களின் முறைப்பாடு காலம் கடந்ததாக ஆகாது. இதை ஒரு சுற்றறிக்கையாக எழுதி உங்கள் மாவட்ட அலுவலகங்களுக்கு அனுப்ப முடியாதா? உங்கள் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து எங்கிருந்து கேட்டாலும் ஒரே பதில் கிடைக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் இருக்கிறது. சரி, இருக்கின்றன. ஆனால் தவணைக்கு வண்டி எடுத்தவன் வழக்குத் தவணைக்கும் சேர்த்து அலைய வேண்டும் என்றால் தொழிலை எப்போது பார்ப்பது?

இன்னொன்று. ஏஜென்ட் பொருளைத் தரவும் மாட்டார், வெளியில் வாங்கினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால் அந்த இடைக்காலத்தில் வண்டிக்காரன் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். ஒரு நியாயமான காலத்துக்குள் அசல் சாமானைத் தர முடியாவிட்டால், வெளியில் வாங்கிப் போட்டதை ஒரு காரணமாகச் சொல்லும் உரிமை அவருக்குப் போய்விட வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அவசரம். இறக்குமதி திறந்து வந்த புது வண்டிகளுக்குப் பழுதுகள் இனித்தான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும்.

மறுப்பு எழுத்தில் வர வேண்டும். எந்தப் பாகம், எப்படிப் பழுதானது, எந்தச் சோதனையில் தெரிந்தது, யார் சோதித்தார் என்பது அதில் இருக்க வேண்டும். கழற்றிய பாகத்தைச் சீல் வைத்து வண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டும். வொரண்டிப் புத்தகமும் இந்த மறுப்புக் கடிதமும் சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். என் ஜொப் கார்டில் கையெழுத்துப் போட்ட டிரைவருக்கு அந்த ஆங்கில வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. தெரியாமல் போட்ட அந்தக் கையெழுத்தைத்தான், ‘உங்கள் ஆள் ஒத்துக்கொண்டார்’ என்று எனக்கே காட்டினார்கள்.

வண்டியை இப்போது கடன் பட்டுத் திருத்தி ஓட்டுகிறேன். கழற்றிய ஹை பிரஷர் பம்ப் என்னிடம் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் சாட்சி கெட்டுப் போகும் என்று பம்ப் ரூம் பாஸ் சொன்னதால் அவர் முன்னாலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, திகதி எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். பில்ட்டரில் இருந்து எடுத்த டீசலும் துகளும் ஒரு கண்ணாடிப் போத்தலில் இருக்கின்றன. ஜொப் கார்ட், பற்றுச்சீட்டு, கேஜ் அளவு எழுதிய தாள் ஆகியவற்றின் பிரதிகளை எழுத்து முறைப்பாட்டோடு வொக்ஸோல் வீதியில் உள்ள உங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன். உங்கள் அதிகாரி ஒருவரும் முகவர் நிறுவனத்தின் ஆள் ஒருவரும் முன்னால் இருக்க, அந்தப் பம்பைப் பிரித்துப் பார்க்க ஒரு நாள் குறித்துத் தாருங்கள். பிரிக்கிற கூலியை நானே கட்டுகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு சிறு விநியோகஸ்தர்,
கொழும்பு 13